வடகடலுக்கு மேலே பறந்து வேலைக்குப் போவோர்: ஒரு வரலாற்று நோக்கு

சித்திரை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றியோ பழைய துறைமுகங்களைப் பற்றியோதான் நான் எழுதுவேன் என அவர்கள் நினைத்திருக்கக் கூடும். வழக்கமாக அப்படித்தான் எழுதுகிறவன். ஆனால் இந்த வருடம் வேறொரு வரலாறு மனதில் வந்து குந்திக்கொண்டது. எங்கட பிள்ளைகளிற் சிலர் இப்போது வேலைக்குப் பஸ்ஸிலோ ரெயினிலோ போவதில்லை. எம்டனில் ஹெலிகொப்ரர் ஏறி, வடகடலுக்கு மேலே பறந்து, கரை தெரியாத தூரத்தில் நிற்கும் காற்றாலையில் இறங்கி வேலை செய்கிறார்கள். என்னுடைய மகனும் அவர்களில் ஒருவன்.

எம்டன் என்றவுடன் எங்கள் அப்பு ஆச்சிமாருக்கு வேறொன்றுதான் ஞாபகம் வரும். 1914 செப்ரெம்பர் 22ந் திகதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகள் மேல் குண்டு பொழிந்துவிட்டு மறைந்த ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அந்தக் கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஊர்தான் இந்த எம்டன். "அவன் பெரிய எம்டன்" என்று எங்கட ஆட்கள் சொன்ன அந்த ஊரின் விமானத் தளத்தில் எங்கட பிள்ளை உயிர்காப்பு அங்கியுடன் வரிசையில் நிற்பான் என்று யார் கண்டது!

ஹெலி என்ற சொல் எங்கள் வீடுகளில் நல்ல சொல் அல்ல. எண்பதுகளில் ஊரில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் முதலில் கால் ஓடும், பிறகுதான் மூளை வேலை செய்யும். என் மனுசி இன்றைக்கும் ஆ-டே-ஆ-சேயின் மஞ்சள் ஹெலிகொப்ரர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஜன்னலைச் சாத்துவாள். அப்படிப்பட்டவளிடம் போய் மகன், "அம்மா, நான் இனி ஹெலியிலதான் வேலைக்குப் போறன்" என்றால் எப்படி இருக்கும்? மூன்று நாள் வீட்டில் சமையல் சரியில்லை. "பயப்பிடாதேங்கோ அம்மா, எல்லாத்துக்கும் சட்டம் இருக்கு, பயிற்சி இருக்கு" என்று அவன் சமாதானம் சொன்னான். அந்தச் சட்டமும் பயிற்சியும் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. தேடியதில் நித்திரை குறைந்ததும் உண்டு, நிம்மதி கூடியதும் உண்டு.

ஹெலிகொப்ரரின் பிறப்பில் வடஜேர்மனிக்குப் பெரிய பங்கு உண்டு. பிறேமன் நகரைச் சேர்ந்த ஹென்றிக் ஃபோக்க என்ற பொறியியலாளர் அமைத்த எஃப்.டபிள்யூ 61 என்ற இயந்திரம் 1936 ஜூன் 26ந் திகதி முதன்முதலாக நிலத்தை விட்டு எழும்பியது. முழுக்கட்டுப்பாட்டுடன் பறக்கக் கூடிய முதலாவது ஹெலிகொப்ரர் என்று பலரும் அதைத்தான் சொல்வர். 1938இல் ஹன்னா றைச் என்ற பெண் விமானி பேர்லினில் ஒரு மண்டபத்துக்குள்ளேயே, சனத்துக்கு முன்னால் அதை ஓட்டிக் காட்டினார். போருக்குப் பிறகு முன்னிலை அமெரிக்காவுக்குப் போய்விட்டது. 1967இல் முனிச்சுக்குப் பக்கத்தில் ஒற்றோபுறுன் என்ற இடத்தில் பேல்கோவ் நிறுவனத்தின் பி.ஓ. 105 பறந்தது. சிறிய ஹெலிகொப்ரர்தான், ஆனால் இரண்டு எஞ்சின் பூட்டியது. ஒன்று நின்றால் மற்றது தூக்கும். 1970இல் முனிச்சில் தொடங்கிய "கிறிஸ்ரோஃப் 1" அம்புலன்ஸ் சேவைக்கு அந்த வகையைத்தான் எடுத்தார்கள். கடலுக்கு மேலே பறப்பவனுக்கு இரண்டாவது எஞ்சின் எவ்வளவு பெரிய விசயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடலுக்கு மேலே ஆட்களை ஏற்றிப் பறக்கும் தொழில் வடகடலில் பெருத்தது எண்ணெயால். 1969 கடைசியில் நோர்வேப் பக்கத்தில் எக்கோஃபிஸ்க், 1971இல் பிரித்தானியப் பக்கத்தில் பிரென்ற் என்று எண்ணெய் வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. தளங்களுக்குக் கப்பலில் போவதென்றால் நாட்கணக்கு, அதுவும் வாந்தியோடு. ஹெலிகொப்ரரில் போனால் ஒன்றிரண்டு மணித்தியாலம். கடற்படைகளுக்கென்று உருவான இயந்திரங்களைப் பயணிகளுக்காக மாற்றி, ஸ்கொட்லாந்தின் அபர்டீனிலிருந்தும் ஷெற்லாந்துத் தீவுகளிலிருந்தும் நாளாந்தம் பறக்கத் தொடங்கினார்கள். வெல்டர், சமையற்காரர், துப்புரவுத் தொழிலாளி எல்லோரும் ஒரே ஹெலிகொப்ரரில். வேலைக்குப் போகும் பஸ் மாதிரித்தான் அவர்கள் அதைப் பார்த்தார்கள். பஸ்ஸை யார் சந்தேகிக்கிறார்கள்?

1986 நவம்பர் 6ந் திகதி அந்த நம்பிக்கை உடைந்தது. பிரென்ற் வயலில் வேலை முடித்து வந்தவர்களை ஏற்றிக்கொண்டு, இரட்டைச் சுழலி கொண்ட பெரிய சினூக் ஹெலிகொப்ரர் ஒன்று ஷெற்லாந்தின் சம்பரோ விமான நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. தரைக்கு இன்னும் நாலு கிலோமீற்றர்தான். சினூக்கின் முன் சுழலியும் பின் சுழலியும் ஒன்றின் பாதையை மற்றது வெட்டிச் சுற்றுகின்றன. இரண்டும் முட்டாமல் இருப்பது பல்சக்கரங்களின் ஒழுங்கில்தான் தங்கியிருக்கிறது. முன் கியர்பொக்ஸில் ஒரு பல்சக்கரம் வெடித்து உடைந்தது. ஒழுங்கு குலைந்து சுழலி இறக்கைகள் ஒன்றோடொன்று மோதின. 47 பேரில் 45 பேர் இறந்தனர். தப்பிய இருவரில் ஒருவர் பயணி. மற்றவர் தலைமை விமானி புஷ்ப் வைத். 1971ஆம் ஆண்டுப் போரில் இந்திய விமானப்படைக்காக ஹெலிகொப்ரர் ஓட்டியவர் அவர். அந்த நேரம் சம்பரோவிலிருந்து கிளம்பிய கரையோரக் காவல் ஹெலிகொப்ரர் ஒன்று தண்ணீரில் மிதந்த இருவரையும் கண்டு தூக்கியது. அது அந்த நேரத்தில் கிளம்பியிராவிட்டால் அந்த இருவரும் இல்லை.

கியர்பொக்ஸ் பற்றி ஒரு சொல். விமானத்தில் எஞ்சின் நின்றாலும் இறக்கை இருக்கும், மிதந்து இறங்கலாம். ஹெலிகொப்ரரிலும் எஞ்சின் நின்றால் சுழலி காற்றிலேயே சுழன்று மெல்ல இறக்கிவிடும். ஆனால் கியர்பொக்ஸ் உடைந்து சுழலியே போய்விட்டால் விமானி செய்ய எதுவும் மிஞ்சாது. உடைந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை என்றால், உடைய முன்னர் அறிய வேண்டும். எங்கட ஊரில் ஏ-40 கார் திருத்திய மெக்கானிக்மாரை நினைத்துப் பாருங்கள். ஸ்குறூ டிறைவரின் நுனியை எஞ்சினில் முட்டவைத்து, பிடியைக் காதில் வைத்து, "பெயறிங் போகப்போகுது தம்பி" என்பார்கள். அதே வேலையைச் செய்யும் உணர்கருவிகளைக் கியர்பொக்ஸைச் சுற்றிப் பொருத்தி, பறப்பு முழுவதும் அதிர்வைப் பதிந்து, தரையில் கணினியில் போட்டுப் பார்க்கும் முறை 1991ஆம் ஆண்டு முதல் வடகடலில் நடைமுறைக்கு வந்தது. அந்த யோசனை சினூக்குக்கு முன்பே இருந்தது. அதற்கு அவசரம் கொடுத்தது அந்த 45 சாவுகள்.

அடுத்தது 1992 மார்ச் 14. இதைப் படித்தபோதுதான் எனக்கு நித்திரை போனது. கோர்மொரன்ற் அல்பா என்ற எண்ணெய்த் தளத்திலிருந்து, பக்கத்தில் கட்டிவைத்திருந்த தங்குமிடக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோக ஒரு சுப்பர் பூமா எழும்பியது. தூரம் இருநூறு மீற்றர் அளவுதான். எங்கட ஊர்க் கோயில் வீதியைச் சுற்றுகிற தூரம்கூட இல்லை. இரவு, பனிப்புயல், பேய்க் காற்று. எழும்பித் திரும்பும்போது காற்று பின்பக்கமாகி, வேகம் குறைந்து, ஹெலிகொப்ரர் கடலில் விழுந்து கவிழ்ந்தது. 17 பேரில் 11 பேர் இறந்தனர். எல்லோரும் உள்ளே அகப்பட்டு இறக்கவில்லை. வெளியே வந்தும், மீட்பு வந்து சேர முன்னர் குளிரிலும் அலையிலும் உயிரை விட்டவர்கள் அவர்களில் உண்டு. தேவைப்பட்டால் மீட்க முடியாத காலநிலையில் ஆட்களை ஏற்றிப் பறப்பது சரியா என்ற கேள்வி அதன் பிறகு உரத்துக் கேட்கப்பட்டது. பதில் விதியாக எழுதப்பட இன்னும் இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹெலிகொப்ரர் தண்ணீரில் விழுந்தால் ஏன் கவிழ்கிறது என்று மனுசி கேட்டாள். நல்ல கேள்வி. எஞ்சின், கியர்பொக்ஸ், சுழலி எல்லாப் பாரமும் கூரையில் இருக்கிறது. தலையில் குடத்தை வைத்துக்கொண்டு வள்ளத்தில் எழும்பி நிற்பவள் மாதிரி. காற்றடைத்த மிதவைகள் பக்கங்களில் விரிந்தால் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நிற்கும். பெரிய அலை வந்தால் மிதவையோடு தலைகீழாகத்தான் மிதக்கும். அப்போது உள்ளே இருப்பவனுக்குக் கூரை கீழே, தரை மேலே, இடது வலது மாறிப்போகும், மூக்கில் உப்புத் தண்ணீர், இருட்டு. குளிர்காலத்தில் ஜேர்மன் கரையோரக் கடலின் வெப்பநிலை ஐந்தாறு பாகைதான். அந்தக் குளிர் அடித்தவுடன் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். குளத்தில் ஒரு நிமிசம் சுழியோடுகிற வீரனாலும் அங்கே பத்து இருபது செக்கனுக்கு மேல் மூச்சடக்க முடியாது.

அதற்காகத்தான் அந்தத் தடாகப் பயிற்சி. வேசர் நதிக்கரையில் எல்ஸ்ஃபிளெத் என்றொரு சிறு ஊர் உண்டு, பழைய மாலுமிப் பள்ளிக்கூட ஊர். மகன் அங்கேதான் பயிற்சி எடுத்தான். ஹெலிகொப்ரரின் உடல் போன்ற ஒரு கூட்டில் நாலைந்து பேரைப் பெல்ற் போட்டு இருத்தி, பாரந்தூக்கியால் தடாகத்தில் இறக்கி, தண்ணீருக்குள் தலைகீழாகப் புரட்டுவார்கள். சுழியோடிகள் பக்கத்திலேயே நிற்பார்கள். முதலில் வெளிச்சத்தில், பிறகு இருட்டில், பிறகு அலையும் மழையும் போட்டு. ஒழுங்கு இதுதான்: ஒரு கையை ஜன்னல் ஓரத்தில் வைத்து விடாமல் பிடிக்க வேண்டும். புரளும் அசைவு நிற்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு ஜன்னலை அடித்துத் தள்ள வேண்டும். அதன் பிறகுதான் பெல்ற்றைக் கழற்ற வேண்டும். பெல்ற்றை முதலில் கழற்றினால் ஆள் மிதந்து போய்விடுவான், ஜன்னல் எங்கே என்று தெரியாது, தள்ளுவதற்குப் பிடிமானமும் இராது. "முதல் தரம் பெல்ற்றைத்தான் அப்பா கழட்டினனான்" என்றான். "ஆர் எண்டாலும் அதைத்தான் செய்வினம். கை தன்ரபாட்டில அதுக்குத்தான் போகும்." கையின் அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள்.

எல்லா விபத்தும் சாவில் முடிந்ததில்லை. 1995 ஜனவரி 19ந் திகதி அபர்டீனிலிருந்து பறந்த ஒரு சுப்பர் பூமாவை மின்னல் அடித்தது. வால் சுழலி சேதமாகி, சிறிது நேரத்தில் கழன்றே போனது. விமானி அதைக் கொந்தளித்த கடலில் நிமிர்ந்தபடி இறக்கினார். மிதவைகள் வேலை செய்தன. 18 பேரும் உயிர்காப்பு வள்ளத்துக்கு மாறி, 18 பேரும் வீட்டுக்குப் போனார்கள். 2009 பெப்ரவரியிலும், 2012இல் இரண்டு தடவையும் வடகடலில் இறங்கிய ஹெலிகொப்ரர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. இதை மனுசிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

ஆனால் அதே 2009இல் இரண்டு பெரிய துயரங்கள் நடந்தன. மார்ச் 12ந் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் சிகோர்ஸ்கி எஸ்-92 ஒன்று விழுந்து, 18 பேரில் ஒருவர் மட்டுமே தப்பினார். ஏப்ரல் 1ந் திகதி ஸ்கொட்லாந்துக் கரையில் ஒரு சுப்பர் பூமாவின் கியர்பொக்ஸ் உடைந்து, இருந்த 16 பேரும் இறந்தனர். கனடாவின் கதையில் ஒரு விசயம் கவனிக்க வேண்டியது. கியர்பொக்ஸ் எண்ணெய் முழுக்க ஒழுகிப் போனாலும் அந்த இயந்திரம் முப்பது நிமிடம் ஓடும் என்ற எண்ணம் பரவியிருந்தது. உண்மையில் எண்ணெய் போய்ப் பதினொரு நிமிடமளவில் எல்லாம் முடிந்தது. உடனே கடலில் இறங்குவதா, கரைக்கு ஓடுவதா என்று விமானி முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அவர் கையில் இருந்த தகவலே பிழை. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், பயிற்சிக்குள் பிழையான தகவல் இருந்தால் என்ன செய்வது?

இனி நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல விரும்பும் விபத்து. 2013 ஓகஸ்ட் 23, மீண்டும் அதே சம்பரோ. 18 பேருடன் தரையிறங்க வந்த சுப்பர் பூமாவில் பழுது ஒன்றுமில்லை. முகிலுக்குள் இறங்கும்போது விமானிகள் இருவரும் வேகமானியைப் போதியளவு கவனிக்கவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்தது, அவர்கள் கண்டபோது மீட்க உயரம் இல்லை. விழுந்து கவிழ்ந்தது. மிதவை விரிந்ததால் தாழாமல் மிதந்தது. நாலு பயணிகள் இறந்தனர்.

விசாரணையில் ஒன்று வெளிவந்தது. ஒவ்வொரு பயணியின் மார்பிலும் ஒரு மூச்சுப்பை இருந்தது. பழைய வகை மூச்சுப்பையில், தண்ணீருக்குள் போக முன்னர் ஆள் தன் மூச்சை ஊதி நிரப்பினால்தான் பயன். அன்று அவர்கள் அணிந்திருந்ததோ தன்னுள்ளேயே காற்றுக் குப்பி வைத்த வகை. மூச்சிழுக்க நேரமில்லாமல் தண்ணீருக்குள் போனவனும் அதை வாயில் வைத்து மூச்சு விடலாம். ஆனால் ஏறும் முன்னர் காட்டப்பட்ட பாதுகாப்புப் படம் இதைச் சரியாகச் சொல்லவில்லை. மார்பில் காற்றைக் கட்டிக்கொண்டு, அது இருப்பது தெரியாமல் ஆட்கள் பறந்திருக்கிறார்கள். கருவி வாங்கக் காசு செலவழித்தவர்கள் அதை விளக்க இரண்டு வசனம் செலவழிக்கவில்லை.

அடுத்த வருடம், 2014 பெப்ரவரியில், பிரித்தானிய விமானப் போக்குவரத்து அதிகாரசபை நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டது. இன்றைய பல விதிகள் அதிலிருந்து வந்தவை. அலை ஒரு அளவுக்கு மேல் போனால் பறப்பு இல்லை. கோர்மொரன்றில் கேட்கப்பட்ட கேள்விக்கு அப்படித்தான் பதில் வந்தது. நல்ல ரகக் காற்றுக் குப்பி அணியாத பயணி, வெளியேறும் ஜன்னலுக்குப் பக்கத்து ஆசனத்தில்தான் இருக்கலாம். 2015 முதல் பயணிகளின் தோள் அகலத்தையும் அளக்கத் தொடங்கினார்கள். 56 சென்ரிமீற்றரளவுக்கு மேற்பட்ட தோள்காரர் தமக்கேற்ற பெரிய ஜன்னலோரம்தான் இருக்க வேண்டும். கலியாண வீட்டில் சேர்ட்டுக்கு அளவெடுப்பது போலத் தொழிலாளிக்கு அளவெடுக்கிறார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் தலைகீழாகத் தொங்கும் இருட்டில், முன்னால் போகிறவன் ஜன்னலில் இறுகிக்கொண்டால் பின்னால் இருப்பவனின் கதி என்ன?

விமானிகளின் பயிற்சியும் மாறிவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் பரீட்சை கொடுக்க வேண்டும். பெரும்பகுதி போலி விமானி அறையில் நடக்கிறது. ஒரு எஞ்சின் நிற்பது, மூடுபனியில் தளத்தைத் தேடி இறங்குவது, எண்ணெய் அழுத்தம் விழுவது எல்லாம் அங்கே சாகாமல் பழகலாம். இன்னொரு பயிற்சி, பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறப்பது. தலைமை விமானி தவறினால் இளையவர் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும், மூத்தவர் அதைக் கோபிக்காமல் கேட்க வேண்டும். பெரியவர் முன்னால் வாய் திறக்காதே என்று வளர்ந்த எங்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அங்கே அது பாடத்திட்டம், பரீட்சையும் உண்டு.

2016 ஏப்ரல் 29ந் திகதி நோர்வேயின் பேர்கனுக்கு அருகே தூரோய் தீவில் நடந்ததை நான் மறைக்கக் கூடாது. ஈ.சி. 225 வகை ஹெலிகொப்ரர் ஒன்றின் பிரதான சுழலி அப்படியே கழன்று பறந்தது. 13 பேரும் இறந்தனர். கியர்பொக்ஸின் உள்ளே ஒரு சிறு பல்சக்கரத்தில் மயிர்போன்ற வெடிப்பு மெல்ல மெல்ல வளர்ந்திருந்தது. நான் மேலே பெருமையாகச் சொன்ன அந்த அதிர்வுக் கருவி எதையும் கேட்கவில்லை. மெக்கானிக்கின் காதுக்கும் கேட்காத நோய் உண்டு. அந்த வகைக்கு விதித்த தடையை அதிகாரிகள் 2017இல் நீக்கினார்கள். ஆனால் தொழிலாளர்களும் அவர்களது சங்கங்களும் அதில் ஏறச் சம்மதிக்கவில்லை. வடகடலின் பயணிகள் சேவையில் அதன் காலம் அத்தோடு போனது. அதிகாரி கையெழுத்து வைத்தாலும் ஏறுகிறவன் வேண்டாம் என்றால் நடவாது என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

இவையெல்லாம் எண்ணெய்க்காரரின் கதை, ஜேர்மனியில் என்ன என்று கேட்பீர்கள். இங்கே கடல் ஹெலிகொப்ரருக்குப் பெருமளவு வேலை கொடுத்தது காற்று. போர்க்கும் தீவுக்கு வடக்கே 45 கிலோமீற்றர் தூரத்தில், 12 காற்றாலைகளுடன் அல்பா வென்ருஸ் 2010 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பிறகு 80 காற்றாலைகளுடன், கரையிலிருந்து நூறு கிலோமீற்றரளவில் பார்ட் ஒன்று. அப்படியே பெருகியது. கடல் அமைதியென்றால் படகில் போவார்கள். அலை எழும்பினால் ஹெலிகொப்ரர். மின்மாற்றித் தளங்களில் இறங்க மேடை உண்டு, காற்றாலையில் இல்லை. தொண்ணூறு மீற்றரளவு உயரத்தில், காற்றாலையின் முதுகில் இருக்கும் சிறு கூண்டுத் தட்டுக்கு மேலே ஹெலிகொப்ரர் அசையாமல் நிற்க, ஆளைக் கயிற்றில் இறக்குவார்கள். ஹெலிகொப்ரரில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும், அதை முதலில் நிலத்துக்குக் கடத்தாவிட்டால் நல்ல அடி விழும். கயிற்றில் ஆள் தொங்கும்போது ஒரு எஞ்சின் நின்றாலும் மற்ற எஞ்சின் அவனுக்கு ஆபத்தில்லாமல் தாங்க வேண்டும் என்பது சட்டம். பழைய பி.ஓ. 105இன் இரண்டாவது எஞ்சின் இங்கேதான் பலன் தருகிறது. 2018 ஜூலை 1 முதல் கடற்பறப்புக்கென்று ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான விதிகளும் உண்டு. தனி அனுமதி இல்லாத கொம்பனி கடலுக்குப் பயணி ஏற்ற முடியாது.

ஜேர்மனியும் விலை கொடுக்காமல் இல்லை. 2014 பெப்ரவரி 28ந் திகதி மாலை இருட்டில், பால்ரிக் கடலில் டார்ஸ் தீபகற்பத்துக்கு அப்பால், மீட்புக் கப்பல் ஒன்றுடன் சேர்ந்து பயிற்சி செய்த மீட்பு ஹெலிகொப்ரர் கடலில் விழுந்தது. நால்வரில் மூவர் இறந்தனர். மற்றவர்களைக் காப்பாற்றப் பழகிக்கொண்டிருந்தவர்கள். இரவுப் பயிற்சியை எவ்வளவு தூரம் கடலில் செய்வது, எவ்வளவு தூரம் போலி அறையில் செய்வது என்ற வாதத்தில் நான் போலி அறையின் பக்கம். அங்கே விழுந்தால் எழும்பி வந்து கோப்பி குடிக்கலாம்.

எங்கட பக்கத்து நாட்டையும் பார்த்தேன். மும்பைக் கடலில் எண்ணெய்த் தளங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோக 1985இல் பவன் ஹன்ஸ் என்ற அரச ஹெலிகொப்ரர் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2018 ஜனவரி 13ந் திகதி அதன் ஹெலிகொப்ரர் ஒன்று கடலில் விழுந்து இருந்த ஏழு பேரும் இறந்தனர். 2022 ஜூன் 28ந் திகதி இன்னொன்று சாகர் கிரண் என்ற தளத்துக்கு அருகே தண்ணீரில் விழுந்து, ஒன்பது பேரில் நால்வர் இறந்தனர். கடல் சூடானாலும் குளிரானாலும் கூரைப் பாரம் கூரையில்தான் இருக்கிறது.

இப்போது நான் இதை எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன். சென்ற வருடம் எங்கட சங்கத்துக்கு வரும் ஒரு தம்பி ஒரு விசயம் சொன்னார். வேறொரு கொம்பனியில் வேலை. காலையில் கொடுத்த உயிர்காப்பு அங்கியின் கழுத்து ரப்பர் கொஞ்சம் கிழிந்திருந்ததாம். அந்த ரப்பர்தான் தண்ணீர் உள்ளே வராமல் காப்பது. "ஏன் தம்பி சொல்லேல்லை?" என்று கேட்டேன். "புதுசா வந்தனான் அண்ணை. முதல் கிழமையே குறை சொன்னால் என்ன நினைப்பினம்? எல்லாரும் வரிசையில நிக்கினம், நான் ஒருத்தன் நிப்பாட்டுறதோ?" என்றார். கிழிந்த அங்கியோடு போய்க் கிழிந்த அங்கியோடு திரும்பி வந்தார். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் வர நியாயமில்லை. இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது நாங்கள்தானே. கிழக்கு பேர்லின் வழியாக வந்து இறங்கி, வருடக்கணக்காக டுல்டுங் கடதாசியோடு, ஒவ்வொரு முறையும் அதை நீட்டித் தரும் அதிகாரியின் முகம் பார்த்து நின்ற சந்ததி நாங்கள். "பேசாமல் இரு, கேள்வி கேளாதே, வேலையைக் கொண்டு நடத்து" என்றுதான் சொல்லிக் கொடுத்தோம். அன்றைக்கு அது வயிறு காத்தது. ஆனால் கடல் ஹெலிகொப்ரரில் அதே பழக்கம் ஆபத்து. அங்கே எல்லா ஏற்பாடும், யாராவது ஒருவன் கை உயர்த்துவான் என்ற கணக்கில்தான் செய்யப்பட்டிருக்கிறது. பாதுகாப்புப் படம் டொச்சிலோ ஆங்கிலத்திலோ ஓடும்போது ஒரு வசனம் விளங்காவிட்டால் திரும்பப் போடச் சொல்லலாம். மூச்சுப்பை எந்த வகை, அதில் காற்று இருக்கிறதா, நான் ஊத வேண்டுமா என்று கேட்கலாம். என் ஜன்னல் எது, அது எந்தப் பக்கம் தள்ளுப்படும் என்று கேட்கலாம். ஏற மனமில்லாவிட்டால் ஏறமாட்டேன் என்று சொல்லலாம். நோர்வேக்காரரும் ஸ்கொட்லாந்துக்காரரும் சொன்னார்கள்.

அந்தத் தம்பியிடம் பிறகு கதைத்தேன். அடுத்த முறை அவர் அங்கியைக் கையில் எடுத்ததும் கழுத்து, மணிக்கட்டு, சிப் எல்லாம் பார்த்தாராம். இரண்டாம் தரம் ஒன்றில் சிப் இறுகியிருந்தது. சொன்னார். அங்கி கொடுக்கிற மனிசன் ஒன்றும் பேசாமல் வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, பழுதானதில் சிவப்புத் துண்டைக் கட்டி ஒருபக்கம் போட்டாராம். பின்னால் நின்ற ஒரு ஜேர்மன்காரனும் தன்னுடைய சிப்பை இழுத்துப் பார்த்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

இந்த வேலைக்குப் போக யோசிக்கும் பிள்ளைகளும், போகவேண்டாம் என்று தடுக்கும் தாய்மாரும் புத்தாண்டு விழாவன்று மண்டபத்தில் என் மகனைச் சந்திக்கலாம். பயிற்சியில் போட்ட மூச்சுப்பை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு லீவு. முதல்நாள் கடலில் மூடுபனி இறங்கி, ஹெலி கிளம்பாமல் அவன் அங்கேயே தங்கவேண்டி வந்தால் மட்டும் மன்னிக்கவும். விமானி பறக்கமாட்டேன் என்றால் நாங்கள் அவசரப்படுத்தக் கூடாது.